கால் ஊன்றும் காலம்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருக்கும் பெரிய எலும்பின் முன்பக்கத்தில் தசை கிடையாது. விரலால் தடவினால் தோலுக்கு அடியில் நேராக எலும்பின் விளிம்பு தட்டுப்படும். நிற்கும்போதெல்லாம் உடம்பின் எடை இறங்குகிற எலும்புக்கு இவ்வளவுதான் காப்பு. மோட்டார் சைக்கிளில் போகிறவரின் அந்த எலும்புக்கும் எதிரே வரும் வண்டியின் பம்பருக்கும் இடையில் இருப்பது கால்சட்டைத் துணி மட்டும். உடம்பின் நீண்ட எலும்புகளில் அதிகம் முறிவது இதுதான். முறியும்போது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும் பெரும்பாலும் இதுதான்.

எனக்கு அது முறிந்தது மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, இடவப்பாதி மழை நனைத்த சாலையில். விபத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அது தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. முடியாமல் நீண்டது அதற்குப் பின்னால் வந்த காலம். நம்மிடையே பேச்சு குறைவாக இருப்பதும் அந்தக் காலத்தைப் பற்றித்தான்.

2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாகவும் 4,43,366 பேர் காயமடைந்ததாகவும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இறப்புக்கு ஒரு சடங்கு இருக்கிறது, ஒரு சான்றிதழ் இருக்கிறது, பதினாறாம் நாள் என்று ஒரு நாள் இருக்கிறது. காயமடைந்தவரோ ‘பலத்த காயத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்’ என்ற செய்தி வரியோடு நின்றுபோகிறார். அவர் எப்போது எழுந்து உட்கார்ந்தார், எப்போது குளியலறைக்குத் தானே போனார், எப்போது வேலைக்குத் திரும்பினார் என்பதை அந்த வீட்டுக்காரர்களைத் தவிர யாரும் அறிவதில்லை. நான்கு லட்சத்துச் சொச்சம் பேரின் ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு ஆயுள் முழுவதும், அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கிறது.

*

திறந்த முறிவோடு ஒருவர் வந்து சேரும்போது எழும் முதல் கேள்வி, காலைக் காப்பாற்ற முடியுமா என்பது. இந்தக் கேள்வியைச் சீராகக் கேட்பதற்கு உலகத்துக்கு ஒரு வழியைக் காட்டியது கோயம்புத்தூர். 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரனும் அவருடைய சகோதரர், பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் எஸ். ராஜா சபாபதியும் திறந்த முறிவுகளைத் தொடக்கத்திலிருந்தே இரு துறையும் சேர்ந்து கையாளும் மரபை வளர்த்தார்கள். 2006-இல் அந்த மருத்துவமனை வெளியிட்ட மதிப்பெண் முறை இன்று பல நாடுகளில் பேசப்படுகிறது. தோல், எலும்பு, தசையும் தசைநாணும் என்று மூன்றுக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். சர்க்கரை நோய், முதுமை, காயத்தில் சாக்கடை அழுக்கு, அறுவைக்குக் கொண்டுவர ஆன தாமதம் போன்ற பாதகங்கள் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக இரண்டு. கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காக்கலாம். 17 அல்லது அதற்கு மேலே என்றால் எடுத்துவிடுவதே அவருக்கு நல்லது.

அந்த அட்டவணையில் என்னை நிறுத்தியது நடுவில் விடப்பட்ட 15, 16 என்ற இரண்டு எண்கள். அங்கே கணக்கு முடிவைச் சொல்வதில்லை. நோயாளி யார், என்ன வேலை செய்கிறார், எத்தனை அறுவைகளைத் தாங்கும் குடும்பம், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்பதெல்லாம் அந்த இடத்தில் மருத்துவத்துக்குள் வந்துவிடுகின்றன. ஒரு கால் பிழைப்பது எலும்பின் பலத்தால் மட்டும் நடப்பதில்லை. அதை மூடத் தோலும், அசைக்கத் தசையும், காத்திருக்க ஆட்களும் வேண்டும். அளவிடத் தெரிந்தவர்கள், அளவு நிற்கும் இடத்தையும் குறித்துவைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

*

அறுவைக்குப் பின் நான் கேட்ட முதல் கட்டளை, “கால ஊனக் கூடாது” என்பது. எலும்பின் நடுக்குழலுக்குள் உலோகத் தண்டைச் செருகி முறிவை நிறுத்தும் முறையை 1940 வாக்கில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் உலகுக்குக் காட்டினார். எங்கள் பக்கத்தில் இதை ‘ராடு வெச்சிருக்கு’ என்று சொல்வார்கள். சொல்லும்போது பலரும் ராடுதான் இனிமேல் எலும்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்: இரும்பு இருக்கும்போது ஏன் ஊன்றக் கூடாது? மருத்துவர் சொன்ன பதில் எனக்கு எங்கள் ஊர் வாழைத்தோட்டத்தைக் கண்முன் கொண்டுவந்தது. குலை தள்ளிய ஏத்தன் வாழைக்கு முட்டுக் கொடுத்த கம்பு, காற்றில் வாழை சாயாமல் பார்த்துக்கொள்ளும். குலையை வளர்ப்பது வாழைதான்.

எலும்பு கூடுவது ஒழுங்கான வரிசையில் நடக்கிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. சில வாரங்களில் அங்கே மென்மையான ஒரு பாலம் உருவாகிறது. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிறது. பிறகு மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், அந்த முண்டும் முடிச்சுமான புது எலும்பை உடம்பு செதுக்கிச் சீராக்குகிறது. தோல் ஆறினால் தழும்பு விடும். எலும்பு ஆறினால் எலும்பாகவே ஆகும். உடம்பில் இந்தக் கொடை பெற்ற உறுப்புகள் மிகக் குறைவு.

ஆனால் அந்தக் கொடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. 1892-இல் ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதைத் தொகுத்து எழுதினார்: எலும்பு தன்மீது விழும் எடைக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. எலும்புக்குள் அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. எடை விழும் திசையில் கட்டுவது மிஞ்சும். எடை விழாத இடத்தில் அரிப்பது மிஞ்சும். விண்வெளிக்குப் போகிறவர்களின் இடுப்பும் காலும் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை எலும்பை இழக்கின்றன. எந்த நோயும் இல்லாத, தேர்ந்தெடுத்த உடம்புகள் அவை. அவற்றுக்கு அங்கே இல்லாதது எடை ஒன்றுதான். கட்டிலில் கிடக்கிற நமக்கும் சிறிய அளவில் அதுவே நடக்கிறது. தொடைத்தசை சில வாரங்களில் கரைந்து, இரண்டு தொடைகளும் இரண்டு வேறு ஆட்களுடையவை போலத் தெரிய ஆரம்பிக்கும்.

ஊன்றாமல் இருந்தால் எலும்பு மெலியும். முழுதாக ஊன்றினால், கூடிவரும் பாலம் சிதையக்கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. தேறிவருவது என்பது அந்த இடைவெளிக்குள் இருந்து, அதை நாளுக்கு நாள் அகலப்படுத்துவது. என் விபத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

*

பிசியோதெரபி அறையில் அந்த இடைவெளியை எனக்கு ஓர் எடை பார்க்கும் இயந்திரம் காட்டிக்கொடுத்தது. குளியலறைத் தரையில் கிடக்குமே, அதே சாதாரண இயந்திரம். அடிபட்ட காலை அதன்மேல் வைக்க வேண்டும். நல்ல கால் பக்கத்தில் அதே உயரமுள்ள பலகையில். இரு பக்கமும் ஊன்றுகோல். முள் பத்து கிலோவைத் தொடும்வரை மெதுவாக எடையை இறக்க வேண்டும். அந்தப் பத்து கிலோ எப்படி இருக்கிறது என்று உடம்பு மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பிறகு இயந்திரம் இல்லாத தரையிலும் அதே பத்து கிலோவை வைத்து நடக்க வேண்டும். முள்ளைப் பார்த்து பயந்து நான் காலை எடுத்தபோதெல்லாம், பயிற்சி கொடுத்த மலையாளப் பெண் “பதுக்கெ மதி சேட்டா, பேடிக்கண்டா” என்பார். பயப்பட வேண்டாம், மெதுவாகச் செய்தால் போதும்.

எண்ணிப் பார்த்தால், அதற்கு முன் என் வாழ்நாளில் ஒருமுறைகூட என் எடையை நான் உணர்ந்ததில்லை. நின்றேன், நடந்தேன், ஓடினேன். கால் தாங்கியது. தாங்குகிறது என்பதையே கால் எனக்குச் சொன்னதில்லை. அந்த அறையில் முதன்முறையாகப் பத்து கிலோ எவ்வளவு என்று தெரிந்தது. அடுத்த எக்ஸ்ரேயில் பாலம் கெட்டிப்பட்டிருந்தால் பதினைந்து. பிறகு இருபது. நூறு சதவீதத்துக்கு ஒரே தாவலாகப் போகும் வழி எலும்புக்குள் கிடையாது.

இந்த நுணுக்கத்தை உலகம் அறிய ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தும் காரணம். வலேரி புருமெல் 1963-இல் 2.28 மீட்டர் தாண்டி உயரம் தாண்டுதலில் உலக சாதனை படைத்தவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1965 அக்டோபரில் மாஸ்கோவில், ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் போனபோது விழுந்து கால் நொறுங்கியது. அறுவைக்கு மேல் அறுவை செய்தும் எலும்பு கூடவில்லை. கடைசியில் மேற்கு சைபீரியாவின் குர்கான் நகரில் காவ்ரீல் இலிசாரோவ் என்ற மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். போரில் காயமடைந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்துப் பார்த்து ஒரு முறையைக் கண்டுபிடித்தவர் இலிசாரோவ். காலைச் சுற்றி உலோக வளையங்கள். வளையத்திலிருந்து எலும்பை ஊடுருவும் மெல்லிய கம்பிகள். முறிவின் இரு முனைகளையும் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்கினால், அந்த இடைவெளியில் புது எலும்பு வளர்ந்து நிரப்புகிறது. அந்த ஒரு மில்லிமீட்டரையும் ஒரே திருகலில் விலக்கக் கூடாது. கால் மில்லிமீட்டராக நான்கு முறை. வேகம் கூடினால் எலும்பு வளராது, குறைந்தால் வளருமுன்பே மூடிக்கொள்ளும். வளையங்களைப் போட்டுக்கொண்டே நோயாளிகள் நடக்க வேண்டும் என்பதும் அவர் விதி. புருமெல் மறுபடியும் இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார். பழைய சாதனையை அவர் எட்டவில்லை. ஒலிம்பிக் தங்கத்தைவிட அந்த இரண்டு மீட்டரைப் பெரிதாக நினைக்க எனக்கு இப்போது உரிமை இருக்கிறது.

*

மறுபரிசோதனைக்காக நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்வர வேண்டியிருந்தது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. தாத்தாக்களுக்குத் தலைநகரம் என்றால் திருவனந்தபுரம். அங்கே 1951-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது முதல், தீராத நோய் என்றால் அங்கே போவது எங்களுக்குப் பழக்கம். எல்லை நகர்ந்தது, நோயாளிகளின் வழி நகரவில்லை. 1979-இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்த வழி இன்னும் எளிதானது. அந்த வழி போய் இறங்குகிற இடம் தம்பானூர்.

1931-இல் கட்டிய கருங்கல் ரயில் நிலையம் ஒரு பக்கம். சாலைக்கு எதிரே கேரள அரசுப் பேருந்து நிலையம். வாலிபத்தில் நான் தம்பானூரில் இறங்கினால், நடந்தே கிழக்கே கோட்டை வழியாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். எழுத்தாளர் ஆ. மாதவன் கடை வைத்திருந்து, அந்தத் தெருவின் மனிதர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த இடம் அது. புத்தகத்தில் படித்த முகங்களைத் தெருவில் தேடிக்கொண்டு நடந்த நடை அது. ஊன்றுகோலோடு இறங்கியபோது அதே சாலைத் தெரு எனக்கு வேறொரு ஊராகத் தள்ளிப்போயிருந்தது. ஊரின் வரைபடத்தை நம் கால்தான் வரைகிறது. கால் மாறினால் ஊரும் மாறுகிறது.

ரயில் பெட்டியின் படிக்கட்டு, மேம்பாலத்தின் படிகள், நடைபாதையின் விளிம்பு, கடை வாசலின் ஒற்றைப் படி. முன்பு கண்ணில் படாத ஒவ்வொன்றும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. தம்பானூர் தாழ்வான இடம். பெருமழை பெய்தால் தண்ணீர் தேங்கி நிற்கும். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஓடைகளின் ஆக்கிரமிப்பை அகற்றும் அளவுக்கு அது நகரத்தின் தொல்லை. ஊன்றுகோலின் ரப்பர் அடிக்கு ஈரத் தரையைவிடப் பெரிய எதிரி இல்லை. பிசியோதெரபி அறையில் ஒரு விதி சொல்லித்தருவார்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். அந்த விதியை மனதுக்குள் சொல்லிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடக்கிறவர்கள் தம்பானூரில் எந்த நாளிலும் சிலர் இருப்பார்கள். அதுவரை நான் அவர்களைப் பார்த்ததில்லை. இப்போது கூட்டத்தில் முதலில் அவர்களைத்தான் பார்க்கிறேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஓர் உருளைக் கட்டடம் நிற்கிறது. இந்தியன் காபி ஹவுஸ். கட்டியவர் லாரி பேக்கர். அதற்குள் மாடி என்று தனியாக எதுவும் இல்லை. தரையே சுழன்று சுழன்று மேலே போகிறது. சரிவின் வெளி ஓரத்தில், சுவரை ஒட்டி, கட்டடத்தோடு சேர்த்தே கட்டிய மேசைகளும் இருக்கைகளும். சுவர் நெடுகச் சிறு திறப்புகள். அவற்றின் வழியாக வெளிச்சமும் தம்பானூரின் இரைச்சலும் துண்டு துண்டாக உள்ளே வரும். விசிறித் தலைப்பாகை வைத்த பணியாளர்கள் கீழிருந்து மேலே தட்டுகளோடு ஏறிக்கொண்டே இருப்பார்கள். மாணவனாக எத்தனையோ முறை அந்தச் சரிவில் ஏறி உட்கார்ந்து பீட்ரூட் கலந்த மசால்தோசை சாப்பிட்டிருக்கிறேன். அது என்ன மாதிரியான தரை என்று கால் உடைந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

படி என்பது முழு எடையையும் ஒரே காலில், ஒரே கணத்தில் கேட்கிறது. சரிவு அதே உயரத்தைப் பல அடிகளுக்குப் பங்கிட்டுக் கேட்கிறது. இரண்டும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகின்றன. பத்து கிலோ மட்டுமே வைக்கத் தெரிந்த காலுக்கு ஒன்றில் வழி இருக்கிறது, மற்றதில் இல்லை. இரண்டு மேசை தூரம் ஏறி, மூச்சு வாங்கி, அங்கேயே உட்கார்ந்துவிடலாம். எந்த இடத்தில் நின்றாலும் அது ஒரு மேசையின் பக்கம். பாதி வழியில் நிற்பது தோல்வியாகத் தெரியாத ஒரு கட்டடத்தை முதன்முறையாகக் கண்டேன். இறங்குவதுதான் கடினமாக இருந்தது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். கரைந்துபோன தசைக்கு அது ஏறுவதைவிடப் பெரிய வேலை.

சிறிய மனையில் அதிகம் பேர் உட்கார வேண்டும் என்பதற்காகப் பேக்கர் அந்தச் சுழலை வரைந்தார். கால் முறிந்தவர்கள் அவர் மனதில் இருந்தார்களா என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. அவருடைய தொடக்கம் எங்கே இருந்தது என்பது மட்டும் தெரியும். 1917-இல் பர்மிங்காமில் பிறந்த அவர், 1945-இல் இந்தியா வந்தது தொழுநோயாளர்களுக்குப் பணிபுரிந்த ஒரு கிறிஸ்தவ அமைப்பின் கட்டடக்கலைஞராக. புதிய மருந்துகள் வரத் தொடங்கியிருந்த காலம். நோயாளிகளை ஆயுள் முழுக்க ஒதுக்கி வைத்திருந்த காப்பகங்களை, குணமாகித் திரும்பிப் போவதற்கான மருத்துவமனைகளாக மாற்றும் வேலை அவருக்கு. ஒதுக்கி வைக்கும் சுவரையும் திரும்பி வர விடும் வாசலையும் பிரித்தறியும் கண் அவருக்கு அங்கே வாய்த்திருக்க வேண்டும். 2007-இல் திருவனந்தபுரத்திலேயே அவர் மறைந்தார்.

*

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது நடிகர் விக்ரமின் பெயரைச் சொல்வார்கள். சென்னை லயோலா கல்லூரியில் படித்தபோது ஐ.ஐ.டி. கலைவிழாவில் நாடக நடிப்புக்குப் பரிசு பெற்றவர், மோட்டார் சைக்கிளில் செல்கையில் லாரி மோதிக் காலைக் கிட்டத்தட்ட இழக்கும் நிலைக்குப் போனார். மூன்று ஆண்டுகள் மருத்துவமனைப் படுக்கை. காலை எடுக்காமல் இருப்பதற்காக 23 அறுவைகள். இனி நடப்பது கடினம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் ஊன்றுகோலோடு எழுந்து, கல்லூரிப் படிப்பை முடித்தார். 1990-இல் முதல் படம் வந்தது. 1999-இல் ‘சேது’ வந்தது. ‘பிதாமகன்’ படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது.

இந்தக் கதையை மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். கட்டிலில் கிடந்தபோது என்னிடமும் பலர் சொன்னார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். உறுதி இல்லாமல் அத்தனை அறுவைகளைக் கடக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அந்தக் கதையில் அதிகம் தெரிவது நடுவில் இருக்கும் ஊன்றுகோல் காலம். படுக்கையிலிருந்து நேரே திரைக்கு அவர் போகவில்லை. ஊன்றுகோல் பிடித்த மாணவனுக்குக் கல்லூரியில் இன்னும் ஓர் இடம் இருந்தது. எழுதி முடிக்க ஒரு பாடம் இருந்தது. முழு எடைக்கு இன்னும் தயாராகாத ஒருவருக்கு, அவரால் முடிகிற அளவில் ஒரு பொறுப்பு. அது இருந்ததால்தான் பிந்தைய உழைப்புக்கு ஒரு தொடக்கம் இருந்தது.

இதைவிடத் தெளிவான வாழ்க்கை வேலூரில் நடந்தது. கொச்சிப் பக்கத்தில் பிறந்த மேரி வர்கீஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர். 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அங்கே பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை அது. மேரி வர்கீஸ் அதைக் கற்றுக்கொண்டு சக்கர நாற்காலியிலிருந்தே செய்யத் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966-இல் அங்கே திறந்த மறுவாழ்வு நிலையம் இந்தியாவில் இந்தத் துறையின் முன்னோடி. 1972-இல் பத்மஸ்ரீ. அவர் கால்கள் திரும்பவில்லை. எழுந்து நிற்க முடியாத ஒருவரின் கையில் இன்னொருவரின் கையைச் சரிசெய்யும் வேலை தரப்பட்டது. அந்த வேலையின் எடையில் அவர் வாழ்க்கை தன்னைக் கட்டிக்கொண்டது. வோல்ஃப் எலும்பைப் பற்றி எழுதியது மனிதருக்கும் பொருந்தும் என்று நான் நம்புவது மேரி வர்கீஸை அறிந்த பிறகுதான்.

*

வீட்டில் என் அம்மா ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட என்னை எடுக்க விட்டதில்லை. “எழும்பாண்டாம் மக்கா, நான் எடுத்துத் தாரேன்” என்று முன்னால் ஓடி வருவாள். எழுபது வயதைத் தாண்டியவள், முட்டு வலியோடு ஓடி வருவாள். அந்த அன்புக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆயினும் மாதக்கணக்கில் யாருக்கும் எதையும் எடுத்துக்கொடுக்காத ஒருவன், கால் மட்டும் இல்லை, எல்லாமே மெலிந்துபோவான். நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து சக ஆசிரியர் ஒருவர் ஒருநாள் வந்தார். நலம் விசாரித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பின் தமிழ்த் தேர்வுத்தாள் கட்டைக் கட்டிலில் வைத்தார். “எனக்கு நேரமில்ல சார், நீங்க திருத்தித் தாங்க” என்றார். அவருக்கு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்று மாலை பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, என்மேல் மறுபடியும் ஓர் எடை இறங்கியதை உணர்ந்தேன். அது பத்து கிலோதான் இருக்கும். அம்மாவும் அதைப் பார்த்தாள். மறுநாள் வெங்காயக் கூடையைக் கட்டிலின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

எல்லோருக்கும் இந்த இடைவெளி கிடைப்பதில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து பைக்கில் ஓடும் பையனுக்கும், ரப்பர் வெட்டுகிறவருக்கும், கொத்தனாருக்கும் வேலை இரண்டே வடிவத்தில் இருக்கிறது: முழுதாகச் செய், அல்லது செய்யாதே. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் எக்ஸ்ரேவுக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே எலும்பு கூடுமுன்பே அவர்கள் முழு எடையோடு திரும்புகிறார்கள். கூடாத எலும்பின் சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்கும் உலோகம் ஒருநாள் சோர்ந்து உடைகிறது. மறுபடியும் அறுவை, மறுபடியும் கடன். இதை நோயாளியின் அவசரம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு நாம் நடுவில் ஒரு தரையைக் கொடுக்கவில்லை.

சட்டம் இந்த இடத்தைத் தொடத் தொடங்கியிருக்கிறது. 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உறுப்பின் ஊன விழுக்காட்டையும் சம்பாதிக்கும் திறனின் இழப்பையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று விளக்கியது. ஒரே காயம் தச்சரின் பிழைப்பை முழுவதும் பறிக்கலாம், எழுத்தரை அந்த அளவு பாதிக்காமலும் போகலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணியில் இருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, அவரால் இயலும் வேறு பணியில் அதே ஊதியத்தில் அமர்த்த வேண்டும் என்கிறது. இந்தப் பாதுகாப்பு அரசுப் பணிக்கு மட்டுமானது. சாலையில் அதிகம் விழுகிறவர்களோ அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்துக்குச் செலவை ஏற்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை மருத்துவரை வீட்டுக்கே அனுப்புகிறது. இரண்டையும் நான் மனமார வரவேற்கிறேன். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் உயிர் நிற்கும். கால் நிற்க ஒரு வருடம் வேண்டும். அந்த வருடத்துக்கு உதவித்தொகையும், பாதி வேலைக்குப் பாதிக் கூலியாவது தரும் முதலாளிகளும், தாலுகா மருத்துவமனைதோறும் ஒரு பிசியோதெரபி அறையும், படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவும் வேண்டும்.

எங்கள் பக்கத்து வர்ம ஆசான்மார் முறிவைக் கட்டிய பிறகு நோயாளியைக் கைவிட்டதில்லை. கட்டு அவிழ்த்தபின் எண்ணெய் தடவி, மூட்டை மடக்கி நீட்டி, நடக்கவைத்து, அவன் வயலில் இறங்கும் நாள்வரை கூட நின்றார்கள். திறந்த முறிவுக்கு அறுவை அரங்குதான் வழி, அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் அந்தக் கூட நிற்றல் இன்றைய மருத்துவச் சீட்டில் ‘ஆறு வாரம் கழித்து வரவும்’ என்று சுருங்கிவிட்டது. ஆறு வாரத்துக்கு நடுவில் இருக்கும் நாட்களை வீடும் தெருவும் வேலையிடமும்தான் ஏற்க வேண்டும்.

ஆகவே இதைப் படிப்பவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ பணியிடத்திலோ காலில் ராடு வைத்த ஒருவர் இருந்தால், எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும் அவர் தலையில் வைத்தும் விடாதீர்கள். இன்று எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் அளவுக்கு ஒரு வேலையைக் கொடுங்கள், அதற்குரிய கூலியோடு கொடுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்கள். பதில் மாறியிருக்கும்.